இரண்டு வெள்ளிக் காசு

மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர்களுக்கு நல்ல சமாரியன் கதை தெரியாமல் இராது. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போகும் பாதையில் ஒருவன் திருடரிடம் அகப்பட்டு, அடிபட்டுக் கிடக்கிறான். அவ்வழியே வந்த ஆசாரியன் ஒதுங்கிப் போகிறான். லேவியனும் ஒதுங்கிப் போகிறான். யூதர்கள் பந்தி கலக்காத சமாரியர் குலத்தான் ஒருவன்தான் நின்று, காயத்துக்கு எண்ணெயும் திராட்ச ரசமும் விட்டுக் கட்டி, சத்திரத்தில் கொண்டு போய்ச் சேர்க்கிறான். லூக்கா சுவிசேஷத்தின் 10-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது இந்தக் கதை. நான் கிறிஸ்தவன் அல்லன். ஆனாலும் எட்டாம் வகுப்பில் கேட்ட கதை இன்னும் என்னை விட்டபாடில்லை.

கதை சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் சத்திரத்து வாசலோடு நிறுத்திக்கொள்வார்கள். அதன் பிறகும் ஒரு சிறு பகுதி உண்டு. மறுநாள் புறப்படும்போது சமாரியன் சத்திரக்காரனிடம் இரண்டு வெள்ளிக் காசைக் கொடுத்து, மேற்கொண்டு செலவானால் திரும்பி வரும்போது தருகிறேன் என்கிறான். அந்தக் காலத்தில் ஒரு காசு என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் சம்பளம். அந்த இரண்டு காசின் அருமையை எனக்குக் கற்பித்தது எந்தப் பிரசங்கியும் அல்ல, ஒரு தெரு நாய்க்குட்டி.

போன ஐப்பசி அடைமழையில் எங்கள் தெருச் சாக்கடையில் அது கிடந்தது. பிறந்து ஒரு மாதம் இருக்கலாம். செம்பட்டை நிறம். கழுத்துப் புண்ணில் புழு வைத்திருந்தது. கத்தக்கூடத் திராணியில்லாமல் வாயை மட்டும் திறந்து திறந்து மூடிற்று. குடைகள் ஒவ்வொன்றாக வந்து நின்றன, "ஐயோ பாவம்" என்றன, நகர்ந்தன. அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஆசாரியனுக்கும் லேவியனுக்கும்கூட, பிணமாயிருந்து தொட்டால் தீட்டு என்ற பயம் இருந்திருக்கலாம் என்று வேதம் படித்தவர்கள் சொல்வதுண்டு. எங்கள் தெருக்காரர்களுக்கு ஆபீஸ் நேரம்; வெறிநாய்க்கடி பயம். அதுவும் நியாயமான பயந்தான்.

கோணிச் சாக்கில் பொதிந்து மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். டாக்டர் புண்ணைக் கழுவி, மருந்து விட்டு, இடுக்கியால் புழுக்களை எடுத்துப் போட்டார். முழுதாக அரைமணி நேரம் ஆயிற்று. பிறகு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தினம் கட்டு மாற்ற வேண்டும். மூன்று மாதம் ஆனதும் வெறிநோய் ஊசி போட வேண்டும். யார் வளர்க்கப் போகிறீர்கள்?"

சாக்கடையிலிருந்து தூக்குவதற்கு ஒரு நிமிஷம் போதுமானதாக இருந்தது. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல ஒரு நிமிஷம் போதவில்லை. குடியிருப்பதோ வாடகை வீட்டு மாடி. மகளுக்கு இழுப்பு. நாய் ரோமம் ஆகவே ஆகாது. குட்டியை வீட்டில் வைத்துக்கொண்டால் குழந்தைக்கு மூச்சு முட்டும்; மறுபடி தெருவில் விட்டால் நான் தூக்கியதற்கே அர்த்தமில்லை. உண்மையான இரக்கம் எது என்று யோசித்துக்கொண்டே மழையில் நடந்தேன்.

தெரு முனையில் இட்லிக் கடை போட்டிருக்கும் ஆயாதான் வழி சொன்னாள். சாக்கை விலக்கிப் பார்த்தாள்.

"பால் காசை நீ குடுத்துடு தம்பி. கட்டு நான் மாத்திக்கிறேன். அப்பாலே சோறு, அது என் சட்டியிலே மிஞ்சறது போதும்" என்றாள்.

அவள் சொன்னதைக் கேட்டதும் இன்னொரு சுவிசேஷக் கதை ஞாபகம் வந்தது. புற இனத்துப் பெண் ஒருத்தி நோயாளி மகளுக்காக இயேசுவிடம் மன்றாடுகிறாள். பிள்ளைகளின் உணவை நாய்க்குட்டிகளுக்குப் போடலாகாது என்று கடுமையாகப் பதில் வருகிறது. மேஜையிலிருந்து சிந்துவதையாவது குட்டிகள் தின்னலாமே என்கிறாள் அவள். அந்தப் பதிலுக்கு இயேசு இணங்கிவிடுகிறார், மகள் பிழைக்கிறாள். தமிழ் வேதத்தில் அந்த இடத்தில் 'நாய்க்குட்டி' என்றே இருக்கிறது. கிரேக்க மூலத்திலும் சிறிய நாயைக் குறிக்கும் சொல்தான். வேதத்தில் நாய் பெரும்பாலும் இகழ்ச்சிப் பொருள். ஆனால் லாசரு என்ற ஏழையின் புண்ணை நக்க வந்தவையும் நாய்கள்தாம். வாசலில் கிடந்த அவனைச் செல்வன் கவனித்ததாகக் கதையில் இல்லை.

இரக்கத்துக்குக் கணக்குச் சீட்டு வரும் என்பதற்குச் சரித்திரத்திலும் சாட்சி உண்டு. 1824-இல் லண்டனில் மிருகவதைத் தடுப்புச் சங்கம் தோன்றியது. முன்னின்று நடத்தியவர் ஆர்தர் புரூம் என்ற பாதிரியார். சங்கம் கடனில் மூழ்கிற்று. பொறுப்பாளி என்று 1826-இல் அவரைச் சிறையில் தள்ளினார்கள். பணம் திரட்டி மீட்டவர்களில் ஒருவர் லூயிஸ் கோம்பர்ட்ஸ் என்ற யூதர். குதிரைக்குக் கஷ்டம் என்று குதிரை வண்டியில் ஏறாமலே வாழ்ந்த மனிதர். பின்னர் காரியதரிசியாயிருந்து சங்கத்தைக் காப்பாற்றியவரும் அவரே. ஆனால் 1832-இல், சங்கம் முழுக்க முழுக்கக் கிறிஸ்தவ நெறியிலேயே நடக்க வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். கோம்பர்ட்ஸ் வெளியேறி வேறொரு சங்கம் அமைத்தார்.

எனக்குப் பிறன் யார் என்று கேட்டபோது இயேசு எடுத்துக் காட்டியது, கேட்டவன் தன் வாசலில் ஏற்றாத ஓர் அந்நியனை. அவர் பெயரால் கூடியவர்கள் அந்நியனையே வெளியே அனுப்பினார்கள். கருணைக்கு வேலி போட்டால் முதலில் வெளியே நிற்பவன் கருணையுள்ளவனாகவே இருந்துவிடுகிறான். இது ஒரு மதத்துக்கு மட்டும் சொல்லுகிற புத்தி அல்ல. வாடிய பயிரைக் கண்டு வாடிய வள்ளலார் பிறந்த நாட்டில் இருக்கும் நமக்கும் சேர்த்துத்தான்.

குட்டி தேறிவிட்டது, ஊசியும் போட்டாயிற்று. ஒன்றாம் தேதி ஆயாவிடம் பால் காசு கொடுக்கிறேன். தெருவில் என்னை நல்ல மனிதர் என்கிறார்கள். ஆயாவை யாரும் ஒன்றும் சொல்லுவதில்லை. சமாரியனுக்கு உலகமெங்கும் ஆஸ்பத்திரிகள் பெயர் வைத்திருக்கின்றன. அவன் திரும்பி வருவானா என்றுகூடத் தெரியாமல், இரவெல்லாம் கண் விழித்து அந்த நோயாளியைப் பார்த்துக்கொண்ட சத்திரக்காரனுக்கோ கதையில் ஒரு பேச்சுக்கூட இல்லை. நான் கதை எழுதுகிறவன். இனி அந்தக் கதையை யாருக்காவது சொல்ல நேர்ந்தால், அவனிடமிருந்துதான் தொடங்குவேன்.