கேட்ட கேள்வியையே திரும்பக் கேட்டால்...

"பைத்தான் இன்ஸ்டால் பண்ணிட்டேன். ஆனா கமாண்ட் ப்ராம்ப்ட்ல பைத்தான்னு அடிச்சா அப்படி ஒண்ணு இல்லவே இல்லைங்குது. என்ன பண்ண?"

எங்கள் வகுப்புக் குழுவில் இந்தக் கேள்வி எத்தனை முறை வந்திருக்கும் என்று எண்ண ஆரம்பித்து, ஒன்பதாவதோடு நிறுத்திவிட்டேன். பதில் எல்லோருக்கும் ஒன்றுதான். இன்ஸ்டாலரின் முதல் திரையில், கீழே, "பாத்தில் சேர்" என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் டிக் போட்டுவிட்டு மேலே போக வேண்டும். அவ்வளவுதான்.

ஒவ்வொரு முறையும் குழு இரண்டாகப் பிரியும். "மேல தேடிப் பாருங்கப்பா, நேத்துதானே சொன்னோம்" என்று ஒரு கட்சி. "ஒரு வரி பதில் சொன்னா குறைஞ்சா போயிடுவீங்க?" என்று இன்னொரு கட்சி. இரண்டு பேரும் நல்லவர்கள்தான். ஆனால் இரண்டு பேரும் தப்பான ஆளோடு சண்டை போடுகிறார்கள் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள் :-)

முதலில், இது நம் வகுப்பின் நோய் இல்லை. இணையத்துக்கு எத்தனை வயசோ, கிட்டத்தட்ட அத்தனை வயசு இந்த நோய்க்கும். 1980களின் தொடக்கத்தில் அர்ப்பாநெட் காலத்திலேயே விண்வெளி பற்றிய ஒரு மடற்குழுவில் புதிதாக வருகிறவர்கள் எல்லாம் அதே கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாசாவில் இருந்த யூஜின் மியா, பதில்களைத் தொகுத்து அவ்வப்போது குழுவுக்கே அனுப்பி வைத்தார். இன்று பால் பாக்கெட் கம்பெனியின் இணையதளத்தில்கூட இருக்கிற எஃப்.ஏ.க்யூ. பிறந்தது அப்படித்தான்.

அதே நோய்க்கு இன்னொரு மருந்தும் இருந்தது. நான்கே எழுத்து, ஆர்.டி.எஃப்.எம். "மேனுவலைப் படிடா" என்பதுதான் அர்த்தம் (நடுவில் ஒரு கெட்ட வார்த்தை உண்டு, அதை விட்டுவிட்டேன்). யூஸ்நெட் குழுக்களின் எஃப்.ஏ.க்யூ.க்களைச் சேமித்து வைக்க எம்.ஐ.டி.யில் ஒரு சர்வர் இருந்தது. அதற்கு வைத்த பெயரே இந்த நான்கெழுத்துதான் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்!

யூஸ்நெட்டில் ஒவ்வொரு செப்டம்பரிலும் கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த மாணவர்கள் வந்து இறங்குவார்கள். பழையவர்கள் ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக் கொடுப்பார்கள், பிறகு அமைதி. 1993-94 வாக்கில் ஏ.ஓ.எல். போன்ற நிறுவனங்கள் பொதுமக்களுக்கும் கதவைத் திறந்துவிட, வருகை நிற்கவேயில்லை. 1993 செப்டம்பர் இன்னும் முடியவில்லை என்று கிண்டலாகச் சொல்வார்கள். "முடிவில்லாத செப்டம்பர்" என்றே அதற்குப் பெயர்.

சரி, எஃப்.ஏ.க்யூ. வந்தது, மேனுவல் வந்தது, கூகுளும் வந்தது. கேள்வி நின்றதா? இல்லை. ஏன் நிற்கவில்லை என்பதற்கு எனக்குப் பிடித்த உதாரணம், விம் என்ற எடிட்டர்.

"விம்மிலிருந்து வெளியே வருவது எப்படி?" என்று 2012-ல் ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் கேட்டார். 2017 மே மாதத்துக்குள் அந்த ஒரு கேள்வியை மட்டும் பத்து லட்சம் முறைக்கு மேல் பார்த்திருந்தார்கள். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ நிறுவனமே அதைக் கொண்டாடி ஒரு பதிவு போட்டது. (எஸ்கேப் அழுத்தி, கோலன், க்யூ, ஆச்சரியக்குறி, என்டர். மாட்டிக்கொண்டு இதைப் படிக்கிறவர்கள் போய்விட்டு நிதானமாகத் திரும்பி வாருங்கள்.)

இதில் வேடிக்கை என்னவென்றால், விம்மைத் தனியாகத் திறந்தால் முதல் திரையிலேயே வெளியேறும் வழி எழுதியிருக்கும். அப்புறம் ஏன் இத்தனை லட்சம் பேர்? காரணம், அவர்களில் பலர் விம்மைத் திறக்கவே இல்லை. கிட்டில் "கமிட்" என்று அடித்திருப்பார்கள். கமிட் பற்றி நாலு வார்த்தை எழுதுவதற்காக கிட் தானாகவே விம்மைத் திறந்து விட்டுவிடும். அப்போது அந்த முதல் திரை வராது. தான் இருக்கிற இடத்தின் பெயர் விம் என்பதே தெரியாதவன் விம்மின் மேனுவலை எங்கே போய்ப் படிப்பான்? மேனுவலில் பதில் இருக்கிறது. ஆனால் மாட்டிக்கொண்டவன் நிற்கிற இடத்தில் இல்லை.

நம் தமிழிலும் இப்படி ஒரு கேள்வி இருந்தது. 2000களின் தமிழ் இணையப் பக்கங்களைத் தோண்டிப் பார்த்தால் எல்லா இடத்திலும் கிடைக்கும்: "தமிழ் எழுத்து கட்டம் கட்டமாத் தெரியுது, என்ன செய்யணும்?" பதிலும் எல்லா இடத்திலும் கிடைக்கும். விண்டோஸ் எக்ஸ்பி என்றால் கன்ட்ரோல் பேனலுக்குப் போங்கள், ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ், அதில் லாங்குவேஜஸ், காம்ப்ளெக்ஸ் ஸ்கிரிப்ட் என்று இருக்கிற கட்டத்தில் டிக் போடுங்கள், சிடி கேட்கும், போடுங்கள், மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். சிடி இல்லாதவர்கள்? பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருப்பவர்கள்? அவர்களுக்குத் தனிப் பதில்கள். எத்தனையோ பேர் வேலை முடிந்து வந்து, முகம் தெரியாதவர்களுக்கு, காசு வாங்காமல், இதையே திரும்பத் திரும்ப எழுதியிருக்கிறார்கள். அந்தப் பதில்கள் இல்லையென்றால் தமிழை இணையத்தில் படிக்காமலேயே திரும்பிப் போயிருப்பவர்கள் எத்தனை பேரோ.

அந்தக் கேள்வி எப்படி ஒழிந்தது தெரியுமா? எல்லோரும் எஃப்.ஏ.க்யூ. படித்ததால் இல்லை. 2007-ல் வந்த விஸ்டாவில் அந்த டிக் தேவையில்லாமல் போனது. கட்டங்களைத் தானாகவே எழுத்தாகக் காட்டியது. பழைய கணினிகள் குறையக் குறைய, கேள்வியும் குறைந்து போனது.

இப்போது புரிகிறதா நான் சொல்ல வருவது? ஆயிரம் பேர் கேட்கிற ஒரே கேள்வி என்பது ஆயிரம் சோம்பேறிகள் அல்ல. அது ஒரு புகார்க் கடிதம். ஆனால் தப்பான முகவரிக்கு வந்திருக்கிறது. போக வேண்டியது அந்தக் கட்டத்தில் டிக் போடாமல் விட்டவருக்கு. வந்து சேர்வது, பாவம், இதே பிரச்சினையில் போன வாரம் மாட்டி வெளியே வந்த இன்னொரு பயனருக்கு.

இங்கேதான் "கஸ்டமர் சப்போர்ட்" என்ற சங்கதி வருகிறது. கடையில் மிக்ஸி வாங்கினால் பில் இருக்கிறது, வாரன்ட்டி இருக்கிறது, திட்டுவதற்கு ஒரு டோல்-ஃப்ரீ எண்ணும் இருக்கிறது. அதே பழக்கத்தில்தான் நாம் இணையத்திலும் கேட்கிறோம். "அர்ஜென்ட், சீக்கிரம் சொல்லுங்க, நாளைக்கு சப்மிஷன்." எதிரில் இருப்பவர் சம்பளம் வாங்குகிற சப்போர்ட் ஆள் இல்லை. அவர் பக்கத்து வீட்டுக்காரர். ஏணி கேட்டால் தருவார். ஏணி ஏன் இவ்வளவு லேட் என்று கேட்டால் கதவைச் சாத்துவார்.

இந்தக் குழப்பம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு இரண்டு கதைகள்.

எரிக் ரேமண்டும் ரிக் மோயனும் சேர்ந்து எழுதிய ஒரு கட்டுரை உண்டு, 2001 முதல் இணையத்தில் இருக்கிறது. தொழில்நுட்பக் கேள்வியைப் புத்திசாலித்தனமாகக் கேட்பது எப்படி என்பதுதான் விஷயம். பல மென்பொருள் குழுக்கள் தங்கள் "உதவி" பக்கத்தில் அதற்குச் சுட்டி கொடுத்தன. சுட்டியைப் பிடித்துப் போன மக்கள், கட்டுரையைப் படிக்காமல், தங்கள் சந்தேகத்தை எழுதியவர்களிடமே கேட்க ஆரம்பித்தார்கள்! கடைசியில் "நாங்கள் உங்கள் ப்ராஜெக்டின் ஹெல்ப் டெஸ்க் இல்லை" என்று கட்டுரையின் ஆரம்பத்திலேயே எழுதி வைக்க வேண்டியதாயிற்று.

இரண்டாவது கதை ஸ்வீடனில். கர்ல் என்ற மென்பொருளை 1998-லிருந்து பராமரித்து வருபவர் டேனியல் ஸ்டென்பெர்க். இலவசம். உலகத்தில் எண்ணற்ற கருவிகளுக்குள் அது இருக்கிறது, கார்களுக்குள்ளும். உரிம வாசகத்தில் அவருடைய மின்னஞ்சல் முகவரி இருப்பதால், காரின் திரையில் அதைப் பார்த்தவர்கள் "என் கார் நேவிகேஷன் வேலை செய்யவில்லை" என்ற ரீதியில் அவருக்கு எழுதுகிறார்களாம். அது சிரிப்பு. அடுத்தது சிரிப்பில்லை. 2021 டிசம்பரில் லாக்4ஜே ஓட்டை வெளியாகி உலகமே பதறியது. 2022 ஜனவரியில் ஒரு பெரிய நிறுவனம் அவருக்கு மின்னஞ்சல் அனுப்பியது. உங்கள் தயாரிப்பில் அந்த ஓட்டை உண்டா, எப்போது சரிசெய்தீர்கள் என்று கேள்விகள் அடுக்கி, 24 மணி நேரத்துக்குள் பதில் வேண்டும் என்று. கர்ல் சி மொழியில் எழுதியது. லாக்4ஜேயோ ஜாவா சமாச்சாரம். அந்த நிறுவனம் அவருக்கு ஒரு பைசா கொடுத்ததில்லை. "சப்போர்ட் ஒப்பந்தம் போடுங்கள், சந்தோஷமாகப் பதில் சொல்கிறேன்" என்று பதில் போட்டார் மனிதர். சபாஷ்!

எல்லோரும் இப்படித் தெம்பாகப் பதில் சொல்லிவிட முடியாது என்பதுதான் கவலை. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்.இஸட். என்ற மென்பொருளைப் பின்லாந்தில் ஒருவர் பெரும்பாலும் தனியாகப் பராமரித்து வந்தார். 2022-ல் "ஏன் இவ்வளவு தாமதம், வேறு ஆளிடம் கொடுங்கள்" என்று சிலர் அவரை மடற்குழுவில் நச்சரித்தார்கள். உடல்நிலை, மனநிலை பற்றியும், இது சம்பளமில்லாத பொழுதுபோக்கு வேலை என்றும் அவர் எழுதினார். அதே காலத்தில் உதவுகிறேன் என்று வந்த ஒருவரிடம் பொறுப்பு போனது. 2024 மார்ச்சில் பார்த்தால், அந்த உதவியாளர் உள்ளே ஒரு கள்ளக் கதவு வைத்திருந்தார். நச்சரித்த கணக்குகளும் அந்தத் திட்டத்தின் பகுதி என்றே பலரும் சந்தேகிக்கிறார்கள். "கோபமான கஸ்டமர்" வேஷம் போட்டால் ஒரு தன்னார்வலரை எங்கே தள்ளலாம் என்பது யாருக்கோ நன்றாகத் தெரிந்திருக்கிறது.

இதை எல்லாம் சொல்லி "கேட்காதே" என்று முடிக்கப் போவதில்லை. 2008-ல் தொடங்கிய ஸ்டாக் ஓவர்ஃப்ளோ இந்தப் பிரச்சினைக்கு ஒரு நல்ல வழி கண்டது. ஒரே கேள்வி திரும்ப வந்தால் "டூப்ளிகேட்" என்று மூடி, பழைய கேள்விக்குச் சுட்டி கொடுப்பது. யோசனை அருமை. ஆனால் புதிதாக வந்தவனுக்கு அது முகத்தில் கதவைச் சாத்தியது போலத்தான் இருந்தது. 2018-ல் அந்த நிறுவனமே, புதியவர்களை நாம் சரியாக வரவேற்கவில்லை என்று வெளிப்படையாக எழுதியது.

பிறகு 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தது. எத்தனை முறை கேட்டாலும் அலுக்காது, திட்டாது, டூப்ளிகேட் என்று மூடாது. ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் புதிய கேள்விகள் மளமளவென்று சரிந்தன. நல்லதுதானே என்று தோன்றும். நானும் அதனிடம் கேட்கிறவன்தான். ஆனால் ஒன்று யோசியுங்கள். விம் கேள்வியை ஒருவர் பொதுவில் கேட்டார், பத்து லட்சம் முறை அது பயன்பட்டது. சாட்டில் கேட்டால் பதில் என் திரையோடு சரி. அடுத்தவனுக்கு அது கிடைக்காது. மென்பொருள் செய்தவருக்கும், இத்தனை பேர் இங்கே தடுக்கி விழுகிறார்கள் என்று தெரியாது. பதில் தப்பாக இருந்தால் "அது தப்பு" என்று பின்னூட்டம் போடவும் ஆளில்லை. புகார்க் கடிதம் முன்பு தப்பான முகவரிக்காவது போய்ச் சேர்ந்தது. இப்போது தபாலிலேயே போடுவதில்லை.

அதனால் நம் வகுப்புக்கும், வழி தவறி இங்கே வந்தவர்களுக்கும் என் சின்ன வேண்டுகோள்கள்.

கேட்பவர்களுக்கு: திரையில் வந்த எர்ரரை அப்படியே போடுங்கள், என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று ஒரு வரி சேருங்கள். முக்கியமாக, சரியானதும் எப்படிச் சரியானது என்று திரும்பி வந்து எழுதுங்கள். "சால்வ்டு, தேங்க்ஸ்" என்று மட்டும் எழுதிவிட்டு ஓடுகிறவர்களை மன்னிக்கவே கூடாது. இரவு இரண்டு மணிக்கு அதே எர்ரரோடு தேடி வருகிறவனிடம் கேட்டுப் பாருங்கள், வயிறெரிவான்.

பதில் சொல்பவர்களுக்கு: அலுப்பாக இருந்தால் பேசாமல் இருங்கள், அது தப்பே இல்லை. யாராவது ஒருவர் சொல்வார். சொல்வதானால் சுட்டியும் ஒரு நல்ல வார்த்தையும் போதும். அதே கேள்வி பத்தாவது முறை வந்தால் பதினோராவது பதிலை எழுதுவதற்குப் பதில், மென்பொருள் செய்தவர்களுக்கு ஒரு மடல் எழுதுங்கள். உங்கள் பக்கத்தில், இந்த இடத்தில், எல்லோரும் விழுகிறார்கள் என்று.

நம் குழுவின் முகப்பில் பைத்தான் பதிலை, அந்தக் கட்டத்தின் படத்தோடு, பின் செய்து வைத்திருக்கிறேன். அடுத்த ஜூலையில் ஜூனியர்கள் வருவார்கள். அதைப் பார்க்காமல் கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும், யார் பதில் சொல்வது என்று முறை போட்டுக்கொள்வோம்.

உங்களை அதிக முறை துரத்திய கேள்வி எது? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். ஒரே கேள்வியைப் பத்துப் பேர் சொன்னாலும் டூப்ளிகேட் என்று மூட மாட்டேன், சத்தியமாக :-)