ஐப்பசி வந்தால் கதவு திறக்காது!

கோவில்பட்டியில், புதிதாக வீடுகள் எழும்பிய ஒரு தெரு. ஐப்பசி மாதக் காலை. இரண்டு நாளாக நல்ல மழை. அன்று குழாயில் தண்ணீர் வரும் நாள். வீட்டுக்காரர் தொட்டிக்குள் டியூப்பைப் போட்டுவிட்டு, குடங்களை வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். எங்கோ ‘டொம் டொம்’ என்று சத்தம். பக்கத்து வீட்டில் ஆணி அடிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டார். கால் மணி நேரம் கழித்துத்தான் தெரிந்தது, தட்டியது அவருடைய மனைவி. குளித்து முடித்தவருக்குக் குளியலறைக் கதவைத் திறக்க முடியவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரர் ஓடி வந்தார். “மதினி, கதவை விட்டுத் தள்ளி நில்லுங்க!” என்று தோளைக் கொடுத்து இடித்தார். மூன்றாவது இடியில் கதவு திறந்தது. வெளியே வந்த டீச்சர் கேட்ட முதல் கேள்வி, “குழாயை அடைச்சீங்களா?”

அடைக்கவில்லை. தொட்டி நிரம்பி, தண்ணீர் தெருவில் ஓடிக்கொண்டிருந்தது. தாமிரபரணிக் கரையில் உள்ள சீவலப்பேரியிலிருந்து குழாய் வழியாக வந்து சேரும் தண்ணீர் அது. தினமும் வராது. அதைத் தெருவில் விட்டதற்காக அண்ணாச்சி ஒரு வாரம் பேச்சு வாங்கினார்.

அவர் தீப்பெட்டி ஆபீஸில் கணக்கு எழுதியவர். அம்மா, அரசுப் பள்ளியில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவர். வீடு, டீச்சரின் ஓய்வுப் பணத்தில் கட்டியது. மாதச் செலவு, டீச்சரின் பென்ஷனில் ஓடுகிறது. மகன் சென்னையில், மகள் பெங்களூரில்.

கதவு மேல் குற்றமில்லை. எல்லாம் கரிசலின் வேலை. இந்த மண் தண்ணீரைக் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சித்திரையில் காட்டில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். மழை விழுந்ததும் அத்தனையும் மூடிக்கொள்ளும். அதன் மேல் நிற்கும் வீடும் கூடவே அசையும். சுவரில் கீறல் விழும், நிலைச்சட்டம் கோணும், கதவு இறுகும். அதனால்தான் இங்கே கடைக்கால் போடும்போது கரிசலை ஆழமாகத் தோண்டி எடுத்துவிட்டு, கிராவல் மண் கொட்டி இறுக்குவார்கள். முன்பக்கத்துக்கு அப்படிச் செய்தார்கள். குளியலறை பின்னால் சேர்த்துக் கட்டியது. பணம் பற்றவில்லை.

ஆசாரி வந்து பார்த்தார். “இப்ப இழைச்சா, பங்குனியில கதவுக்கும் நிலைக்கும் நடுவுல பூனை போகும் டீச்சர். மழை ஓயட்டும். தானா சரியாயிரும்” என்று காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

அதே மாதம் அடுத்த கூத்து. சொந்த ஊரில் இரண்டு ஏக்கர் மானாவாரி நிலம், வாரத்துக்கு விட்டது. உளுந்தும் பாசியும் விதைத்திருந்தார்கள். தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை மறித்துவிடுவதால், இந்தப் பக்கத்துக்கு வடகிழக்குப் பருவமழைதான் கதி. புரட்டாசி, ஐப்பசியில் பெய்வதைக் கரிசல் உள்ளே பிடித்து வைத்துக்கொள்ளும். அந்த ஈரத்திலும் பனியிலும் பயிர் தை வரை தாக்குப்பிடிக்கும்.

முளைப்பைப் பார்க்க ஆசைப்பட்டு, அண்ணாச்சி ஸ்கூட்டரை வண்டிப்பாதையில் இறக்கிவிட்டார். நூறு அடி போவதற்குள் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் இடையில் களி மண் அப்பி, வண்டி நின்றது. இறங்கினால் செருப்பு மண்ணோடு நின்றது, கால் மட்டும் வந்தது. அடுத்த எட்டில் ஆளே சாய்ந்தார். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பையன்தான் தூக்கிவிட்டு, குச்சியால் மண்ணைச் சுரண்டி, வண்டியைத் தார் ரோடு வரை தள்ளிக் கொடுத்தான். அண்ணாச்சிக்கு மணிக்கட்டில் சுளுக்கு.

விஷயம் மகனுக்குப் போனது. “வீட்டைக் கொடுத்துட்டு இங்க வந்துருங்க. அம்மா உள்ள மயங்கி விழுந்திருந்தா என்ன செய்வீங்க?”

கேள்வி நியாயமானது. அன்று இரவு இருவருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை.

ஏற்கெனவே சென்னையில் இரண்டு மாதம் இருந்து பார்த்தவர்கள்தான். ஒன்பதாவது மாடி. லிஃப்ட், நாள் முழுக்கத் தண்ணீர், வழுக்காமல் மூடும் கதவுகள். டீச்சர் ஒரு குறையும் சொல்லவில்லை. “பகல் பூரா அடுத்த வீட்டுக்காரங்க முகத்தைப் பார்க்கல” என்று மட்டும் சொன்னார்.

அண்ணாச்சி, கி.ரா.வைத் துணைக்கு இழுத்தார். கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள இடைசெவலில் பிறந்து, ‘கோபல்லபுரத்து மக்கள்’ நாவலுக்காக 1991இல் சாகித்ய அகாடமி விருது பெற்ற கி.ராஜநாராயணன், 2021இல் மறைந்தபோது அவரை அடக்கம் செய்ய இடைசெவலுக்குத்தானே கொண்டுவந்தார்கள்?

“அவர் முப்பது வருஷத்துக்கு மேல புதுச்சேரியிலதானப்பா இருந்தாரு? அங்க இருந்துதான எழுதினாரு?” என்றான் மகன்.

அண்ணாச்சியிடம் பதில் இல்லை. டீச்சர் போனை வாங்கினார். “மழைக்காலத்துல நான் தாழ்ப்பாள் போட மாட்டேன். அடுத்த வருஷம் பின்பக்கச் சுவரை எடுத்துட்டு, கடைக்காலை ஒழுங்காப் போட்டுக் கட்டுவோம். அதுக்கப்புறமும் முடியலேன்னா வாரோம். இப்ப இல்ல.”

மறுநாள் அண்ணாச்சி கடைத்தெருவுக்குப் போனார். ஹாக்கி விளையாடும் பிள்ளைகள் நிறைந்த ஊர் இது; விளையாட்டுச் சாமான் கடையில் நடுவர் ஊதும் விசில் கிடைத்தது. குளியலறைக்குள் ஆணி அடித்து, அதைக் கயிற்றில் தொங்கவிட்டார். “தட்டினா எனக்கு ஆணி அடிக்கிற மாதிரி கேக்குது. இதை ஊது” என்றார்.

சென்னைக்கு அனுப்பக் கடலை மிட்டாயும் இரண்டு கிலோ வாங்கி வந்தார். 2020இல் புவிசார் குறியீடு பெற்றபிறகு எந்த ஊரிலும் கிடைக்கிறது என்று மகன் சொல்வான். கேட்பதாக இல்லை.

தீபாவளிக்கு வந்த பேரன் முதல் வேலையாகக் குளியலறைக்குள் போய் விசிலை ஊதினான். பக்கத்து வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். டீச்சர் சிரித்துக்கொண்டே அவருக்கும் சேர்த்துக் காப்பி போட்டார்.

பின்பக்கச் சுவருக்குக் கொத்தனார் கணக்குப் போட்டுக் கொடுத்திருக்கிறார். மாசியில், மண் காய்ந்ததும் வேலை தொடங்குகிறது.