ஈகையிலிருந்து ஒப்புரவுக்கு

திருக்குறளில் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல். 23ஆம் அதிகாரம் ஈகை. இரண்டும் கொடுத்தலைப் பற்றியனவே. அவ்வாறிருக்க, ஆசிரியர் ஒரே பொருளை இரண்டு அதிகாரங்களாக ஏன் பிரித்தார் என்று மாணவர்கள் கேட்பது உண்டு. இல்லாதவர்க்கு இரங்கிக் கொடுப்பது ஈகை. தான் வாழும் உலகத்தோடு ஒட்டி நின்று, பொதுக்கடமை என உணர்ந்து செய்வது ஒப்புரவு என்று விளக்கம் கூறி, அடுத்த பாடலுக்குச் சென்றுவிடுவது வகுப்பறை வழக்கம். ஆயினும், இவ்விரண்டு சொற்களுக்கும் இடையே உள்ள தொலைவு எத்துணைப் பெரிது என்பதை நான் சிந்திக்க நேர்ந்தது, ஆப்பிரிக்கக் கண்டத்தின் சிற்றூர்ப் பள்ளிகளைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய பிறகுதான்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. 2023ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஃப்ரெடி என்னும் புயல் மலாவி நாட்டின் தென்பகுதியைச் சூறையாடியது. பள்ளிக் கட்டடங்கள் பல வீடிழந்தோர் தங்கும் முகாம்களாயின. அச்செய்தியைப் படித்த நம் மாணவர் சிலர் என்னிடம் வந்து, "ஐயா, அங்குள்ள பள்ளி ஒன்றுக்கு நாம் ஆண்டுதோறும் உதவ முடியாதா?" என்று கேட்டனர். முடியும் என்பது எளிய விடை. எவ்வாறு செய்வது என்பதே கடினமான வினா. அவ்வினாவிற்கு நான் தேடிய விடையே இக்கட்டுரை.

ஓர் ஆசிரியையின் சிறுதொகை

கென்யா நாட்டில் மித்தஹாத்தோ என்னும் சிற்றூரில், ஏழைக் குடும்பம் ஒன்றில் பிறந்தவர் கிறிஸ் ம்புரு. படிப்பில் முதல்வராக விளங்கிய அச்சிறுவனுக்கு உயர்நிலைப் பள்ளிக் கட்டணம் செலுத்த வழியில்லை. கடல்கடந்து ஸ்வீடனில் வாழ்ந்த ஒரு பெண்மணி, உதவி அமைப்பொன்றின் வழியாக, தவணைக்குச் சுமார் 15 டாலர் அனுப்பி வந்தார். அவர் பெயர் ஹில்டே பேக். அவர் செல்வச் சீமாட்டி அல்லர். சிறு குழந்தைகளுக்குப் பாடம் சொல்லித்தந்த எளிய ஆசிரியை. 1922இல் ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்து, இளமையிலேயே நாஜிக் கொடுமைக்குத் தப்பி ஸ்வீடனை அடைந்தவர். அவருடைய பெற்றோரோ வதைமுகாம்களில் மாண்டனர்.

கிறிஸ் ம்புரு நைரோபிப் பல்கலைக்கழகத்தில் சட்டம் பயின்றார். பின்னர் அமெரிக்காவின் ஹார்வர்டு சட்டக் கல்லூரிக்குச் சென்றார். ஐக்கிய நாடுகள் அவையின் மனித உரிமைப் பணியில் அமர்ந்தார். இவற்றுள் எதனையும் ஹில்டே பேக் அறிந்திருக்கவில்லை. தாம் அனுப்பிய சிறுதொகை என்னவாயிற்று என்று அறியாமலேயே அவர் முதுமை எய்தினார்.

2001இல் ம்புரு தம் உறவினரும் நண்பரும் துணைநிற்க, ஏழை மாணவர்களுக்கான கல்வி நிதி ஒன்றைத் தொடங்கி, முகமறியாத அந்த ஆசிரியையின் பெயரையே அதற்குச் சூட்டினார். அதன் பின்னரே, ஸ்வீடன் நாட்டுத் தூதரகத்தின் உதவியால் அவர் உயிருடன் இருப்பது தெரியவந்தது. 2003இல் ஹில்டே பேக் கென்யாவுக்கு வந்தார். 2021இல் மறையும்வரை, தாம் செய்தது பெரிய செயல் என்று அவர் எண்ணியதாகத் தெரியவில்லை. இவ்வரலாற்றைக் கூறும் ஆவணப்படம் 2010இல் வெளிவந்தது. அதன் பெயரே 'ஒரு சிறு செயல்' என்று பொருள்படும்.

இவ்வரலாறு முழுவதும் இனிமையானது அன்று. 1985 முதல் 2023 வரை கென்யாவில் எட்டாம் வகுப்பு முடிவில் ஒரு பொதுத்தேர்வு நடைபெற்று வந்தது. சிற்றூர்ப் பிள்ளைகளின் எதிர்காலத்தை அந்த ஒரு தேர்வே முடிவு செய்தது. நிதியோ சிறிது, விண்ணப்பமோ மிகுதி. எல்லைக் கோட்டிற்குச் சற்றே கீழே நின்றுவிட்ட பிள்ளையை என்ன செய்வது? அப்பிள்ளையின் வீட்டில் விளக்கில்லை, படிக்க மேசையில்லை, நூலில்லை. அதனை அறிந்தும் "இல்லை" என்று சொல்ல வேண்டிய பொறுப்பு, ஊதியம் பெறாத தொண்டர்களின் தோளில் விழுகிறது. கொடுப்பதைவிட, யாருக்குக் கொடுக்க இயலாது என்று முடிவு செய்வதே தொண்டின் கடினமான பகுதி என்பதை அப்படம் மறைக்காமல் காட்டுகிறது.

விடியலுக்கு முன் எரியும் அடுப்பு

மலாவி நாட்டில் 1994இல் நடைபெற்ற பலகட்சித் தேர்தலில் வென்று குடியரசுத் தலைவரானவர் பக்கிலி முலுசி என்னும் இசுலாமியர். அவ்வாண்டே தொடக்கக் கல்விக்குக் கட்டணமில்லை என அவரது அரசு அறிவித்தது. ஏறத்தாழ 19 இலட்சமாக இருந்த மாணவர் தொகை, சுமார் 30 இலட்சமாகப் பெருகிற்று. வகுப்பறைகள் போதவில்லை, மரநிழல்கள் வகுப்பறைகளாயின. ஆயினும், கட்டணம் நீங்கியவுடன் பசியும் நீங்கிவிடுமா? 2002இல் கொடிய பஞ்சம் வந்தபோது பிள்ளைகள் பள்ளியை விட்டு உணவு தேடிச் சென்றனர்.

அவ்வாண்டு அங்குச் சென்றவர் ஸ்காட்லாந்து நாட்டு மேக்னஸ் மக்ஃபார்லேன் பாரோ. மீன் வளர்ப்புத் தொழில் செய்து வந்த இவர், 1992இல் போஸ்னியப் போரில் அல்லலுற்றோர்க்குப் பொருள் திரட்டிக்கொண்டு சென்றதிலிருந்து தொண்டில் இறங்கியவர். மலாவியில், நோயால் இறந்துகொண்டிருந்த ஒரு தாயின் மூத்த மகனிடம், உன் வாழ்வில் நீ விரும்புவது யாது என்று அவர் கேட்டார். வயிறார உண்ண வேண்டும், என்றேனும் ஒருநாள் பள்ளிக்குச் செல்ல வேண்டும் என்பதே அச்சிறுவன் கூறிய விடையின் பொருள். அவ்விரண்டு விருப்பங்களையும் ஒன்றாக இணைத்ததே அவர் செய்த பணி: பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு அங்கேயே ஒருவேளை உணவு. 200 பிள்ளைகளோடு தொடங்கிய இத்திட்டம் 2015இல் பத்து இலட்சம் பிள்ளைகளையும், 2021இல் இருபது இலட்சம் பிள்ளைகளையும் எட்டியது. டால்மாலி என்னும் ஊரில் அவர் தந்தையாருக்குரிய தகரக் கொட்டகையே நெடுங்காலம் இதன் தலைமை நிலையமாக விளங்கியது.

காமராசர் 1956இல் பரவலாக்கிய மதிய உணவையும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவையும் உண்டு வளர்ந்த தமிழர்க்கு இக்கருத்துப் புதியதன்று. நம் நாட்டில் அரசு செய்ததை அங்கே தொண்டர்கள் செய்கின்றனர் என்பதே வேறுபாடு. அத்தொண்டர்கள் யார்? அப்பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளின் தாய்மாரும் தந்தைமாரும் பாட்டிமாருமே. முறைவைத்துக்கொண்டு, இருள் பிரியுமுன் எழுந்து, பள்ளிக்கு நடந்து வந்து, பெரிய கலங்களை அடுப்பேற்றி, மக்காச்சோள மாவும் சோயா மாவும் கலந்த கஞ்சியைக் கிண்டுகின்றனர். மாவு வாங்கப் பணம் தருபவர் செய்வது ஈகை. வெளியூர்ப் பணத்தில் வந்த மாவு எனினும், "எங்கள் பிள்ளைகளுக்கு நாங்கள் சமைக்கிறோம்" என்று அத்தாய்மார் நிற்பது ஒப்புரவு. அடுப்பெரிக்க ஊர் முன்வராவிட்டால் மாவு மூட்டையிலேயே கிடக்கும்.

கேளாமல் கொடுத்த கொடை

ஒப்புரவு இல்லாத ஈகை என்னவாகும் என்பதற்கும் ஆப்பிரிக்கப் பள்ளிகளிலேயே சான்று உண்டு. பிள்ளைகள் ஏறி விளையாடும் இராட்டினத்தை நீரிறைக்கும் குழாயோடு பொருத்தி, அவர்கள் சுற்றச் சுற்ற நீர் மேலேறுமாறு ஒரு கருவி அமைக்கப்பட்டது. காண்பதற்கு மிக அழகிய எண்ணம். 2006இல் பெருந்தொகை அறிவிக்கப்பட்டு, 2010க்குள் 4,000 கருவிகள் நிறுவத் திட்டமிடப்பட்டது. நடந்தது வேறு. பிள்ளைகளின் விளையாட்டு ஊருக்குத் தேவையான நீரை இறைக்கப் போதவில்லை. அவர்கள் வகுப்பில் இருக்கும் வேளையில், குடத்தோடு வந்த பெண்கள் குனிந்து நின்று அவ்விராட்டினத்தைக் கையால் சுற்ற நேர்ந்தது. பழுதானால் உள்ளூரில் சீர்செய்யவும் ஆளில்லை. முன்பிருந்த எளிய கைக்குழாயே மேல் என்று பல ஊரார் கருதினர். 2010க்குள் அத்திட்டம் தளர்ந்துவிட்டது.

கொடுத்தவர்களின் உள்ளத்தில் குறை கூற ஒன்றுமில்லை. நாள்தோறும் நீரெடுக்கும் பெண்களிடம் முதலில் கேட்டிருந்தால், இவ்வளவு பொருளும் காலமும் வீணாகியிராது.

பெற்றவன் கூறும் சான்று

இவற்றையெல்லாம் நான் நூலறிவாக மட்டும் கூறவில்லை. கொடுப்போரைப் பற்றி எழுதுவோர் பலர். பெற்றோரின் பக்கத்திலிருந்து எழுதுவோர் சிலர். நான் அச்சிலருள் ஒருவன்.

1995இல் நான் பத்தாம் வகுப்பு முடித்தபோது, மேற்படிப்புக்கு வாப்பாவின் வருவாய் இடந்தரவில்லை. மிதிவண்டியில் துணிமூட்டை வைத்து ஊர் ஊராகச் சென்று விற்பவர் அவர். எங்கள் மஹல்லாவில் ஒரு சிறிய கல்வி நிதி இருந்தது. அதன் கணக்கை எழுதி வந்தவர் மிதிவண்டி பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த பெரியவர். எண்ணெய்க் கறை படிந்த நீண்ட நோட்டு ஒன்றே அந்நிதியின் அலுவலகம். பள்ளிக்கு நேரே சென்று பணம் கட்டி, இரசீதை மடித்து உறையிலிட்டு, "தம்பி, உம்மாவிடம் கொடுத்துவிடு" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அவ்வுறையில் இருப்பது யாதென்று என் நண்பர்களுக்குத் தெரியாது.

அதே ஆண்டில் மற்றோர் அமைப்பும் எனக்கு ஆறு நோட்டுப் புத்தகங்கள் தந்தது. விழா மேடையில் வரிசையாக எங்களை நிறுத்தி, "ஏழை மாணவர்கள்" என்று ஒலிபெருக்கியில் அறிவித்து, ஒவ்வொரு நோட்டையும் கொடுப்பவரும் பெறுபவரும் ஒருசேரப் பிடித்திருக்க, நிழற்படம் எடுத்தனர். அந்நோட்டுகளில் நான் எழுதினேன், பாடங்களும் படித்தேன். எனினும், முப்பது ஆண்டுகள் கடந்த பின்னும் அந்த ஒலிபெருக்கியின் குரல் என் காதில் ஒலிக்கிறது. உறையில் வந்த இரசீதோ ஒரு நாளும் என்னைத் தலைகுனியச் செய்ததில்லை.

ஆசிரியர் பணியில் அமர்ந்து முதல் ஊதியம் பெற்றபோது, எனக்குச் செலவான தொகையைத் திருப்பித்தர அப்பெரியவரிடம் சென்றேன். அவர் பணத்தை எண்ணி, நோட்டில் வரவு வைத்துக்கொண்டு கூறியது இது: "உன் கணக்கு அன்றைக்கே முடிந்துவிட்டது தம்பி. இது அடுத்த பிள்ளையின் கணக்கு." ம்புருவின் வரலாற்றைப் பின்னாளில் படித்தபோது அச்சொற்களே என் நினைவுக்கு வந்தன. பெற்றவன் கொடுப்பவனாக மாறுமிடத்தில் ஈகை ஒப்புரவாகிறது. கடன் தீர்ந்தது என்று எவரும் விலகிச் செல்லாத கணக்கு அது.

மாணவர்க்குச் சில சொற்கள்

ஆகவே, தொலைவிலுள்ள ஒரு பள்ளிக்குத் தோள்கொடுக்க விரும்பும் நம் மாணவர்க்கு நான் கூற விரும்புவன இவை. முதலாவது, அனுப்புவதற்கு முன் கேளுங்கள். அவ்வூர்த் தலைமையாசிரியரும் பெற்றோரும் கூடி அமர்ந்து, தமக்குத் தேவை மேசையா, கூரையா, கழிப்பறையா, தேர்வுக் கட்டணமா என்று கூறட்டும். நமக்கு அழகாகத் தோன்றுவதன்று, அவர்களுக்குத் தேவையானதே கொடை.

இரண்டாவது, ஓராண்டுப் பேருதவியைவிடப் பத்தாண்டுச் சிற்றுதவி மேலானது. முதல் வகுப்பில் சேர்த்துவிட்டு மூன்றாம் வகுப்பில் கைவிடப்பட்ட பிள்ளை, முன்னிலும் கூடுதலான துயரத்தை அடைகிறது. நீங்கள் பட்டம் பெற்றுச் சென்ற பின் இப்பணியை ஏற்பவர் யார் என்பதை முதல்நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மூன்றாவது, கணக்கு. காசுக்குக் காசு எழுதப்பட்ட நோட்டு ஒன்று எவர் கேட்டாலும் காட்டத்தக்கதாக இருக்கட்டும். ஊதியமில்லாத் தொண்டு என்பது கணக்கில்லாத் தொண்டு ஆகிவிடக் கூடாது. தொண்டு நிலையங்கள் நிலைகுலைவது பெரும்பாலும் பணம் குறைவதால் அன்று, நம்பிக்கை குறைவதால்தான்.

நான்காவது, பெறுபவரின் முகத்தைக் காத்திடுங்கள். பசித்த குழந்தையின் நிழற்படம் நன்கொடையை விரைந்து ஈட்டித்தரக்கூடும். ஆனால் அக்குழந்தை நாளை வளர்ந்து, ஒரு பேராசிரியராகவோ வழக்கறிஞராகவோ நின்று அப்படத்தைக் காணும் என்பதை நினைவிற் கொள்ளுங்கள்.

இறுதியாக, நம் தெருவில் பள்ளிக் கட்டணம் கட்ட இயலாத பிள்ளை இருக்க, கடல்கடந்து உதவுவது முறையா என்று பெரியோர் சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே அது. ஸ்வீடனில் ஏழைகளே இல்லை என்று எண்ணி ஹில்டே பேக் கென்யாவுக்குப் பணம் அனுப்பவில்லை. தான் இழந்ததை மற்றொரு பிள்ளை இழக்கக் கூடாது என்ற உணர்வுக்கு எல்லைக்கோடு இல்லை. அண்டை வீட்டுப் பிள்ளையை மறவாதவனுக்கே அயல்நாட்டுப் பிள்ளைக்கு உதவும் தகுதி உண்டு. தெருவில் ஒரு பிள்ளை, தொலைவில் ஒரு பிள்ளை என இரண்டையும் ஒரே நோட்டில் எழுதத் தொடங்குவோம். அந்நோட்டின் பக்கங்கள் நம் காலத்தோடு முடிந்துவிடாமல், நம்மிடம் பெற்றவர்களின் கைகளால் தொடர்ந்து எழுதப்படுமாக!