பயன்படாத மருந்தை அறிதல்

‘இலக்குசார் மருந்து’ என்றதும் குறி தவறாத அம்பு என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால் நோயின் பெயர் ஒன்றாயினும், இலக்கு எல்லாருக்கும் ஒன்றல்ல. பெருங்குடல் புற்றுநோய் இதற்குத் தக்க சான்று.

செடுக்சிமாப் என்னும் ஊசி மருந்து 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. புற்றணுவின் மேற்பரப்பிலுள்ள ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் ஏற்பியை அது அடைத்துவிடும். ‘வளர்’ என்னும் கட்டளை உள்ளே செல்லாது. ஆனால் அக்கட்டளையைக் கடத்தும் கேராஸ் புரதம், மரபணுத் திடீர்மாற்றத்தால் ஓயாமல் இயங்கிக்கொண்டிருந்தால், வாயிலை அடைத்துப் பயனில்லை. 2008-இல் வெளிவந்த ஆய்வுகள் இதைத் தெளிவாக நிறுவின. பெருங்குடல் புற்றுநோயாளருள் ஏறத்தாழ 100-க்கு 40 பேரிடம் இம்மாற்றம் காணப்படுகிறது. ஆகவே, இன்று சோதனை முதலில், மருந்து பிறகு.

1941 முதல் டாட்டா நினைவு மருத்துவமனை இயங்கிவரும் நகரம் இது. நாடெங்கிலுமிருந்து நோயாளர் பரேலுக்கு வருகின்றனர். அருகிலுள்ள தாராவியின் தமிழருக்கும் அவ்வழி பழகியதே. மாட்டுங்காவில் தங்கி உயிர்வேதியியல் ஆய்வு செய்யும் என்னிடம், மருத்துவ அறிக்கைகளைத் தமிழில் விளக்கச் சொல்லிச் சிலர் வருவதுண்டு. சென்ற ஆண்டு தாராவியிலிருந்து ஓர் அம்மாள் வந்தார். பூர்விகம் திருநெல்வேலிப் பக்கம். கணவருக்கு நோய் கல்லீரல் வரை பரவியிருந்தது.

“தம்பி, வெல கூடுன அந்த ஊசியப் போட்டா அவுக பொழச்சுக்கிடுவாகளா? ஊர்ல இருக்க வீட்ட வித்துரலாம்னு இருக்கோம்” என்றார்.

அறிக்கையில் கேராஸ் மாற்றம் பதிவாகியிருந்தது. அந்த ஊசி அவருக்கு உதவாது என்பதே அதன் பொருள். அதைச் சொன்னபோது, “அப்ப வேற வழியே இல்லியா?” என்று கேட்டார். உண்டு. வழக்கமான வேதிச்சிகிச்சை உண்டு; கட்டிக்குக் குருதிக்குழாய் வளர்வதைத் தடுக்கும் பெவாசிசுமாப் கேராஸ் நிலையைச் சார்ந்ததன்று; அதன் நிகர்மருந்துகளை இந்திய நிறுவனங்களே செய்கின்றன. எது பொருந்தும் என்பதை மருத்துவரிடம் கேட்குமாறு சொல்லி, கேட்கவேண்டிய வினாக்களைத் தமிழில் எழுதிக்கொடுத்தேன். வீடு விற்கப்படவில்லை, சிகிச்சை தொடர்கிறது.

புதிய மூலக்கூறுகளைப் பற்றி நாம் ஆர்வத்துடன் எழுதுகிறோம். அம்மருந்து யாருக்குப் பயன்படாது என்பதையும், அதை அறியும் சோதனையையும் அதே அக்கறையுடன் தமிழில் எழுதவேண்டும். சோதனை முடிவு வரும் முன்பே விலை பேசிவிடும் குடும்பங்களுக்கு அவ்வெழுத்து உடனடித் தேவை.