பி.காமா, பிபிஏவா?

அக்கா பையன் ராத்திரி போன் பண்றான்.
"மாமா, ரெண்டுலயும் சீட் கிடைச்சிருச்சு. பி.காமா, பிபிஏவா?"

கணக்கு பிடிக்கும்னா பி.காம்டா. 55% எடுத்தா சிஏ பவுண்டேஷன் எழுதாமலே நேரா இன்டர்மீடியட் போகலாம்னேன்.

பிபிஏன்னா மார்க்கெட்டிங், ஹெச்ஆர்... ஆளுங்கள மேய்க்கிற படிப்பு. 2024லருந்து அது ஏஐசிடிஇ கீழ வந்திருச்சு. அந்தக் காலேஜுக்கு அனுமதி இருக்கான்னு பாத்துக்க.

எம்பிஏதான் ஆசைன்னா இவ்வளவு குழப்பமே வேணாம். கேட் பரீட்சைக்கு எந்த டிகிரியா இருந்தாலும் சரி. இன்ஜினியருங்களே வரிசை கட்டி எழுதறாங்க.

மூச்சு விடாம இவ்வளவும் சொன்ன நான் படிச்சது விலங்கியல்.

பையன் பொறுமையா கேட்டான்.
"அதெல்லாம் சரி மாமா. பிபிஏ கிளாஸ் மத்தியானம் ஒண்ணரைக்கே முடிஞ்சிருமாம்."

இதுக்கு என்னங்க பதில் சொல்றது?