ஜிகினா வைத்த தமயந்தி

குன்னத்துகாலில் அம்மச்சி வீட்டு அரங்குக்குள் கால் வைத்தால் முதலில் எதிரே வருவது மணம்தான். அவித்த நெல்லும், பானையில் கசிந்து ஒட்டிக்கிடக்கும் கருப்பட்டியும், அடுக்களையில் வேகிற மரச்சீனியின் ஆவியும், ஓலை எரியும் புகையும் அந்த அறையிலேயே குடியிருந்தன. கண் இருட்டுக்குப் பழகினதும், ஓட்டுக்கு நடுவே பதித்த ஒற்றைக் கண்ணாடி வழியே விழும் வெயிலில், சுவரிலிருந்து ஒரு பெண் மெல்லத் தெளிந்து வருவாள். சிவப்புச் சேலை, உயிரையெல்லாம் காதில் வைத்து நிற்கிற நிற்பு, எதிரே அன்னம். தமயந்தி.

அம்மச்சியின் அப்பா களியக்காவிளைச் சந்தையில் வாங்கிய படமாம் அது. சட்டம் போடுவதற்கு முன்னால் அம்மச்சி அதைப் பாயில் விரித்து, மாலையில் ஜிகினாவும் சேலைக் கரையில் பழைய சரிகை நூலும் வைத்துத் தைத்திருக்கிறாள். அந்தக் காலத்துப் பெண்கள் நிறையப் பேர் இப்படிச் செய்தார்கள். சாயந்திரம் குத்துவிளக்கை ஏற்றினால் திரி அசைய அசைய மாலை மினுங்கும். தமயந்தி மூச்சு விடுகிறாள் என்றே நினைத்துக்கொள்வேன். கடவத்தைக் கவிழ்த்துப்போட்டு ஏறி நின்று, அன்னத்தின் வாய் அசைகிறதா என்று பார்ப்பேன். எங்கள் குடும்பத்தில் எப்போதோ இருந்த ஒரு பெரியம்மை என்றுதான் ரொம்ப நாள் அவளை நம்பியிருந்தேன். ஒரே ஒரு சந்தேகம். அம்மச்சி உடுத்துவது முண்டும் நேரியதும். இவள் மட்டும் ஏன் சேலை கட்டியிருக்கிறாள்? “அவ விதர்ப்பத்துக்காரியாக்கும் மக்களே, அங்க இப்படித்தான் உடுப்பினும்” என்று, முறத்திலிருந்து கண்ணெடுக்காமல் சொல்லிவிட்டாள் அம்மச்சி.

நளன் கதையைப் பாதி மலையாளத்திலும் பாதி தமிழிலும் சொல்வாள். உண்ணாயி வாரியரின் நளசரிதம் நாலு ராத்திரி ஆடுகிற கதகளி. நளனுக்காகத் தமயந்தியிடம் தூது போகிற அன்னம் முதல் ராத்திரியிலேயே வந்துவிடும். ஒரு உற்சவத்துக்கு என்னையும் கூட்டிப்போனாள். செண்டைச் சத்தம், எண்ணெய் விளக்கின் வாடை, பக்கத்தில் யாரோ மென்ற வெற்றிலை, அம்மச்சி மடியின் சூடு. அன்னம் சிறகை விரித்தபோது, நம் வீட்டுச் சுவரை விட்டு இது எப்படி இங்கே வந்தது என்று பதறினேன். அதற்கப்புறம் உறங்கிப்போனேன்.

அரங்குச் சுவரில் இருந்த அந்தத் தமயந்தியை வரைந்தவர் ரவிவர்மா. எங்கள் ஜில்லாவின் வடக்கு முனையில், கிளிமானூரில் 1848இல் பிறந்தவர். திருவிதாங்கூர் திவானாக இருந்த சர் டி. மாதவராவ்தான், உங்கள் படங்களை எல்லாரும் கேட்கிறார்கள், அச்சடிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று யோசனை சொன்னவர். 1894இல் பம்பாயில் அச்சகம் தொடங்கியது. முதலில் வந்த படம் சகுந்தலையின் பிறப்பு. ஜெர்மனியிலிருந்து யந்திரம் வந்தது, ஆட்களும் வந்தார்கள். ஒரு நிறத்துக்கு ஒரு கல் என்று வைத்து, ஒரே காகிதத்தின் மேல் மாறி மாறி ஒற்றி எடுத்தார்கள். அரண்மனைச் சபையில் பண்டிதர்கள் படித்த கதையெல்லாம் அப்படித்தான் பனையேறியின் வீட்டுச் சுவருக்கும் நெசவுக்காரர் வீட்டுத் திண்ணைக்கும் வந்து சேர்ந்தது. காளிதாசனை எங்கள் ஊரில் எத்தனை பேர் படித்திருப்பார்கள்? காலில் முள் குத்தினதாகப் பாவனை செய்து திரும்பிப் பார்க்கும் சகுந்தலையை எல்லாருக்கும் தெரியும்.

மிருகசாலை பார்க்க மாமன் என்னைத் திருவனந்தபுரத்துக்குக் கூட்டிப்போனபோது, அதே வளாகத்தில் இருக்கும் ஸ்ரீசித்ரா சித்திரசாலைக்குள்ளும் நுழைந்தோம். அங்கே இருந்தாள், எண்ணெய்ச் சாயத்தில், அசல் தமயந்தி. நான் உரக்கவே சொன்னேன்: “மாமா, இதுக்கு ஜிகினா இல்லியே. நம்ம வீட்டுல உள்ளதுதான் கொள்ளாம்.” இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஓவியனின் கையும் கல்லச்சுக்காரனின் கையும் வந்துபோன காகிதத்தில், மூன்றாவதாக அம்மச்சியின் ஊசியும் போயிருக்கிறது. அதை நகல் என்று தள்ள எனக்கு மனசு வராது.

அரண்மனைக் கதை அச்சேறி எல்லார் வீட்டுக்கும் வந்தது ஜப்பானிலும் நடந்தது என்று பிற்பாடு படித்தேன். முரசாகி ஷிகிபு என்ற அரண்மனைப் பெண் ஆயிரம் வருஷத்துக்கு முன் எழுதிய கெஞ்சியின் கதையை, செர்ரி மரப்பலகையில் செதுக்கி, நிறத்துக்கு ஒரு பலகையாக ஒற்றி, கடைத்தெருவில் விற்றார்கள். குனிசதா என்ற ஓவியர் அப்படி வரைந்துகொடுத்த கெஞ்சி படங்களை எடோ நகரத்து வியாபாரிகளும் வேலைக்காரப் பெண்களும் வாங்கிப்போனார்கள். ரவிவர்மாவின் அச்சகத்துக்கு அரை நூற்றாண்டு முந்தின சங்கதி.

அம்மச்சி இருந்தால் இதை விஸ்தாரமாகச் சொல்லியிருப்பேன். அங்கே தூது போனது யாரு என்றுதான் முதலில் கேட்டிருப்பாள். அன்னமில்லை அம்மச்சி, கவிதையெழுதிய தாளைப் பூங்கொம்பில் கட்டி ஒரு பையன் கையில் கொடுத்து விடுவார்களாம் என்பேன். நடந்துபோன அந்தப் பயலுக்குக் குடிக்க வல்லதும் கொடுத்தாளா அவ என்று கேட்டுவிட்டுத்தான் மறுபடி முறத்தை எடுப்பாள்.