இருபது டாலர் கார்பைன்

பக்கத்து வீட்டு அம்மையார் அந்தத் துப்பாக்கியைப் பழைய போர்வையில் சுற்றிக் காரின் பின்சீட்டில் கிடத்தியிருந்தார். எழுபதை நெருங்கும் வயது. "தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது, கூட வருகிறீர்களா?" என்று கேட்டார். ஒஹாயோ மாநிலம் டேட்டனில் மகள் வீட்டில் மூன்று மாதம் தங்க வந்தவனுக்கு வேறென்ன வேலை? கல்லூரி நாளில் என்.சி.சி. முகாமில் .22 ரைபிளால் ஐந்து குண்டு சுட்டதோடு சரி, எனக்கும் துப்பாக்கிக்கும் வேறு உறவில்லை. கிளம்பிவிட்டேன்.

அது அவருடைய அப்பா வைத்துவிட்டுப் போன எம்1 கார்பைன். அப்பா கொரியப் போருக்குப் போனவர். போரில் தோளில் தொங்கியது இதுவேதான் என்பது மகளின் நம்பிக்கை. போன மாதம் ஒரு துப்பாக்கிச் சந்தைக்கு எடுத்துப் போயிருக்கிறார். ஒரு வியாபாரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எல்லாம் கலந்து கிடக்கிறது, ஐந்நூறு தருகிறேன்" என்றாராம். இன்னொருவர், வேண்டாத பாகங்களைக் கழற்றிவிட்டு 'சரியான' பாகங்களைப் பூட்டித் தருவதாகவும், பிறகு இரண்டு மடங்கு விலை போகும் என்றும் சொன்னாராம். யாரை நம்புவது என்று குழம்பிப்போய்த்தான் இந்தப் பயணம்.

நாங்கள் தேடிப் போனவர் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் நாற்பது வருடம் டூல் ரூமில் இருந்து ஓய்வு பெற்றவர். கார் நிறுத்துமிடத்தையே பட்டறையாக மாற்றியிருந்தார். மேசையில் பழைய துண்டு விரித்திருந்தது. அதன் மேல் ஒரு லென்ஸ், சின்ன டார்ச், பல் துலக்கும் பிரஷ் இரண்டு. விலை பேசவில்லை, பெயரும் கேட்கவில்லை. முதல் காரியமாக மேகசினைக் கழற்றினார். போல்ட்டைப் பின்னுக்கு இழுத்துப் பிடித்து, குண்டு இருக்கும் அறைக்குள் சுண்டுவிரலை விட்டுத் துழாவினார். பிறகு எங்கள் இருவரையும் குனிந்து பார்க்கச் சொன்னார். காலிதான் என்று மூன்று பேரும் ஒப்புக்கொண்ட பிறகே அடுத்த வேலை.

கொரியக் கதையைச் சொல்ல அம்மையார் வாயெடுத்தார். "கதை அப்புறம். முதலில் இரும்பு பேசட்டும்" என்றார் அவர்.

அவர் பேசவிட்ட இரும்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இரண்டாம் உலகப்போரில் அமெரிக்கா தயாரித்த துப்பாக்கிகளிலேயே எண்ணிக்கையில் பெரியது எம்1 கார்பைன். 1942 முதல் 1945 வரை சுமார் 61 லட்சம். எடை இரண்டரைக் கிலோகூட இல்லை. ரைபிளைச் சுமக்க முடியாத டிரைவர், ஒயர்லெஸ்காரர், பீரங்கிக்காரர் கையில் பிஸ்டலைவிட உருப்படியாக ஒன்று இருக்கட்டும் என்று செய்தது. செய்தவர்கள்தான் வேடிக்கை. பிரதான ஒப்பந்தக் கம்பெனிகள் பத்து. அவற்றில் ஏற்கெனவே துப்பாக்கி செய்துகொண்டிருந்தது வின்செஸ்டர் ஒன்றுதான். அண்டர்வுட் டைப்ரைட்டர் கம்பெனி. ஐ.பி.எம். கணக்குப் பொறிகளுக்குப் பேர்போனது. ராக்-ஓலா, காசு போட்டால் பாட்டுப் பாடும் ஜூக்பாக்ஸ் செய்தது. அதிகம் செய்து தள்ளியது இதே டேட்டன் ஊரின் இன்லேண்ட், ஜெனரல் மோட்டார்ஸின் பிரிவு. 26 லட்சத்துக்கு மேல். ரைட் சகோதரர்களின் கம்பெனி விமானம் செய்யக் கட்டிய கொட்டகைகளும் பின்னாளில் இன்லேண்ட் வளாகத்துக்குள்தான் இருந்தன. 2023 மார்ச்சில் அவற்றில் தீப்பிடித்தது. வரும் வழியில் அம்மையார் அந்தத் திசையைக் கைகாட்டினார்.

செய்த கம்பெனியின் பெயர், குறிபார்க்கும் பின் சைட்டுக்கு அடியில் ஒளிந்திருந்தது. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால்தான் எழுத்து தெரிகிறது: இன்லேண்ட். அதன் பின்னால் வரிசை எண். ஆண்டு எதுவும் இல்லை. எந்தக் கம்பெனிக்கு எந்த எண்கள் ஒதுக்கப்பட்டன என்ற பட்டியலை வைத்துத்தான் காலம் கணிக்கிறார்கள். குழலின் முனையில் மட்டும் செய்தவர் பெயரும் மாதமும் ஆண்டும் பொறித்திருந்தது: அண்டர்வுட், 6-43.

"இன்லேண்ட் உடம்பில் அண்டர்வுட் குழலா?" என்றேன். சந்தை வியாபாரி சொன்ன கலப்படம் இதுதான் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அவர் பதில் சொல்லாமல் முன்வளையத்தின் திருகைத் தளர்த்தி, ஸ்பிரிங்கை அமுக்கி, வளையத்தை முன்னால் நகர்த்தினார். மேல்மூடி மரம் கழன்றது. குழலைத் தூக்க, மொத்த இரும்பும் கட்டையிலிருந்து தனியே வந்தது. ஒவ்வொரு துண்டையும் பிரஷ்ஷால் துடைத்து, லென்ஸில் பார்த்து, துண்டின் மேல் வரிசையாக வைத்தார். எல்லாவற்றிலும் கடுகளவு எழுத்துகள். கடைசி எழுத்து எந்தப் பிரதான கம்பெனிக்காகச் செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். அதற்கு முன் எழுத்து இருந்தால் அது செய்துகொடுத்த சின்னக் கம்பெனி. வின்செஸ்டருக்கு டபிள்யூ, அண்டர்வுட்டுக்கு யு, ஐ.பி.எம்.முக்கு பி. கட்டையில் வார் மாட்டும் குழிக்குள் ஓ.ஐ. என்றிருந்தால், ஓவர்ட்டன் என்ற மரக் கம்பெனி இன்லேண்டுக்குச் செய்தது. இந்தக் கார்பைனில் ஐந்து கம்பெனிகளின் எழுத்துகள் இருந்தன.

என் அப்பா கும்பகோணத்தில் ஓர் அடகுக் கடையில் கணக்கெழுதியவர். சங்கிலி வந்தால் முதலாளி கொக்கியையும் பற்றவைத்த இடத்தையும்தான் முதலில் உரைகல்லில் தேய்ப்பார் என்று சொல்வார். இவர் கையும் அப்படித்தான் போனது: மாற்றப்பட்ட இடங்களைத் தேடி.

மாற்றங்களுக்குக் காரணங்கள் உண்டு. ஆரம்ப காலப் பின் சைட் எல் வடிவத் தகடு. 150 கஜத்துக்கு ஒரு துளை, 300 கஜத்துக்கு ஒரு துளை, மடக்கிக்கொள்ள வேண்டியதுதான். பிறகு நகர்த்திச் சரிசெய்யும் சைட் வந்தது. முதலில் பாதுகாப்புப் பூட்டு அமுக்கும் பொத்தான். அதன் பக்கத்திலேயே மேகசினைக் கழற்றும் பொத்தான். அவசரத்தில் விரல் மாறிப்போய், சுட நினைத்த சிப்பாயின் மேகசின் காலடியில் விழுந்தது. அதனால் சுழற்றும் பூட்டு வைத்தார்கள். போல்ட்டின் மேற்புறத்தைத் தட்டையாகச் சீவும் வேலையை மிச்சப்படுத்த, உருண்டையாகவே விட்டார்கள். 1944-க்குப் பிறகு துப்பாக்கி முனையில் கத்தி மாட்ட வளையம் வந்தது. போர் முடிந்ததும் லட்சக்கணக்கான கார்பைன்கள் படைக்கலச் சாலைகளுக்குப் போய், பிரிக்கப்பட்டு, புதுப் பாகங்கள் பூட்டப்பட்டுத் திரும்பின. எந்த உடம்பில் எந்தக் கை சேர்ந்தது என்று யாரும் பார்க்கவில்லை.

இந்தக் கட்டையின் பக்கவாட்டில், பளபளவென்ற வார்னிஷுக்கு அடியில், ஆர்.ஐ.ஏ. என்ற முத்திரை மங்கலாகத் தெரிந்தது. ராக் ஐலண்ட் படைக்கலச் சாலை.

"வார்னிஷ் அடித்தது யார்?"

"அப்பாதான். எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்."

"அடித்தார், ஆனால் உப்புத்தாள் போடவில்லை. அதனால் முத்திரை பிழைத்தது" என்றார். தேய்த்துவிட்ட கட்டைகளை நிறையப் பார்த்த சலிப்பு அந்தக் குரலில் இருந்தது.

பிறகுதான் அம்மையாரின் கைப்பையிலிருந்த காகிதத்தைக் கேட்டார். 1963-இல் அமெரிக்க ராணுவம் உபரி கார்பைன்களைத் தேசிய ரைபிள் சங்க உறுப்பினர்களுக்கு, அனுப்பும் செலவு உட்பட, இருபது டாலருக்கு விற்றது. இது அந்த விற்பனையின் சீட்டு. அதிலிருந்த எண்ணும் இரும்பிலிருந்த எண்ணும் ஒன்று. அவர் இருமுறை விரல் வைத்து ஒப்பிட்டுவிட்டு மெதுவாகச் சொன்னார்: "அப்பா கொரியாவில் வைத்திருந்தது இது இல்லை, அம்மா. ஊருக்குத் திரும்பிப் பத்து வருடம் கழித்து, அதே போல ஒன்று வேண்டும் என்று பணம் கட்டி வாங்கியிருக்கிறார்."

அம்மையார் வெகுநேரம் பேசவில்லை. "இதை யாரும் என்னிடம் சொன்னதில்லை" என்றார் பிறகு.

சரியான பாகம் மாட்டித் தருகிறேன் என்றவரைப் பற்றி நானே கேட்டேன். அவருக்குச் சிரிப்பு வந்தது. போர்க்காலத்திலேயே கம்பெனிகள் ஒன்றுக்கொன்று பாகங்களைக் கொடுத்து வாங்கின. அதற்கென்றே ஒரு குழு இருந்தது. ஒரு தொழிற்சாலையில் குழல் தீர்ந்தால் வரிசை நிற்கக்கூடாது, வேறொரு தொழிற்சாலையிலிருந்து வரும். ஆகவே இன்லேண்டில் பிறந்த நாளிலேயே அண்டர்வுட் குழலோடு பிறந்த கார்பைன் இருக்கலாம். எல்லா எழுத்தும் ஒரே கம்பெனியாக, எல்லாப் பாகமும் ஒரே சாம்பல் நிறமாக, எழுத்துகளின் ஓரம் மழுங்கி இருப்பதைக் கண்டால்தான் தனக்குச் சந்தேகம் என்றார். பாராசூட் வீரர்களின் மடக்குக் கட்டை கொண்ட எம்1ஏ1 இன்னும் மோசம். அதைச் செய்தது இன்லேண்ட் மட்டுமே, சுமார் 1,40,000. அதன் உடம்பில் எம்1ஏ1 என்று எங்கும் பொறிக்கவில்லை. எனவே புதிதாகச் செய்த மடக்குக் கட்டையைச் சாதாரண எம்1 மேல் மாட்டிவிட்டால் விலை பல ஆயிரமாகிறது. வின்செஸ்டர் உடம்பில் மடக்குக் கட்டையைப் பார்த்தால் காசை எடுக்காதீர்கள் என்று சொல்லிவைத்தார்.

எனக்குப் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். 'சரியாக்கும்' ஆட்கள் செய்வது பழுதுபார்ப்பு இல்லை, ஆள்மாறாட்டம். ராணுவம் மாற்றியது தேவைக்காக மாற்றியது. இவர்கள் மாற்றுவது தடயத்தை அழிக்க.

இதே நிலையில், இந்தச் சீட்டும் சேர்ந்தால், ஆயிரத்து இருநூறு டாலருக்குக் கீழே கேட்பவரோடு பேசவே வேண்டாம் என்றார். சீட்டு இல்லாவிட்டால் ஒரு நூறு இருநூறு குறையுமாம். அவர் அம்மையாரிடம் கட்டணம் வாங்கவில்லை. கார்பைனைத் திரும்பப் பூட்டி, போர்வையில் சுற்றிக் கொடுத்துவிட்டு, நீளமான ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினார். எட்டிப் பார்த்தேன்: "இன்லேண்ட். குழல் அண்டர்வுட், 6-43. ராக் ஐலண்டில் புதுப்பித்தது. 1963 சீட்டு உண்டு, எண் பொருந்துகிறது. வார்னிஷ், உரிமையாளரின் தந்தை. எதையும் மாற்ற வேண்டாம்."